தொட்டி வாயில் நின்றவன்

ஜூன் 3

மூட்டை,

நீ பொய் எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

என் மனுவுக்குக் கம்பெனி அனுப்பிய பதிலோடு உன் வாக்குமூலத்தின் நகலும் வந்திருக்கிறது. "மேற்படி நாளில் காலை பத்து மணி முதல் நான் கேட்டில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். மேற்படி ஊழியர் யாரிடமும் தெரிவிக்காமல் தன்னிச்சையாக நாலாம் நம்பர் தொட்டிக்குள் இறங்கியுள்ளார்." ஆறு வருஷம் 'டேய் ஒல்லி' என்று கூப்பிட்டவன் ஒரே நாளில் என்னை மேற்படி ஊழியர் ஆக்கிவிட்டாய். 'தன்னிச்சையாக' என்ற சொல்லை நீ எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் ஷிஃப்ட் முடிந்துவிடும். எழுதியது சூப்பர்வைசர். ஆனால் கையெழுத்து உன்னுடையது. கடைசி எழுத்தை வால் மாதிரி இழுத்துவிடும் அந்தக் கையெழுத்தைத் தினமும் பார்த்தவன் நான்.

மார்ச்சில் நடந்ததை உனக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தரை மணிக்கு நான் உள்ளே இறங்கியபோது நீ தொட்டி வாயில் நின்றாய். என் பெல்ட்டையும் கயிற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் வழிச்சிட்டு வாடா, இன்னிக்கு டீ நீதான்" என்றாய். பதினைந்து நிமிஷம் கழித்துக் குனிந்து "இருக்கியா?" என்று கேட்டாய். "இருக்கேன்" என்றேன். பதினொரு மணிக்கு மறுபடி கேட்டாய். மூன்றாவது தடவை கேட்கவில்லை. அடியில் கிடந்த சோப்புக் கொழுப்பின் கசடைக் கிளறியதும் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. பிறகு அந்த நாற்றமும் போய்விட்டது. கால் மடங்கியது. அண்ணாந்து பார்த்தேன். மேலே இருந்த வட்ட வெளிச்சம் அப்படியே அணைந்தது. கண் போய்விட்டது என்று நினைத்தேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது அக்கா வீட்டுப் பின்னறையில் கிடக்கிறேன். போனில் நாலு வார்த்தைக்கு மேல் மூச்சு நிற்பதில்லை, அதனால்தான் கடிதம். நீ போனை எடுப்பதும் இல்லை. ஜூலை 26 அன்று தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. வேலையில் நடந்த விபத்து என்று ஆனால் வைத்தியம் கம்பெனி பொறுப்பு. நானாகப் போய் விழுந்தேன் என்று ஆனால் இந்த வாடகை மூச்சு மெஷினை வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கு அப்புறம் என்ன என்று அக்கா டாக்டரிடம் கேட்டாள். அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் காகிதத்தை வாபஸ் வாங்கு.

ஒல்லி


ஜூன் 16

ஒல்லி,

கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். வீட்டில் எழுதினால் இவள் கேட்பாள். வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் வேறு, "என்னப்பா, காதல் கடிதமா?" என்று எட்டி எட்டிப் பார்க்கிறார்.

சூப்பர்வைசர்தான் வந்து, "இதுல ஒரு கையெழுத்துப் போடுப்பா. உனக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது" என்றார். நான் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் போட்டிருப்பேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கேட்டில் நின்றது முழுப் பொய் இல்லை. பதினொரு மணிக்கு உன்னிடம் குரல் கேட்டுவிட்டு நிமிர்ந்தால் அவர் நிற்கிறார். "லாரிக்கு ஆள் இல்ல. ரெண்டு நிமிஷம் வந்து கயித்த இறுக்கிட்டுப் போ." ரெண்டு நிமிஷம் என்றுதான் போனேன். இதற்கு முன்னாலும் அப்படிப் போயிருக்கிறேன். "போ, நான் என்ன ஓடியா போயிடப் போறேன்" என்று நீயே உள்ளேயிருந்து சிரித்திருக்கிறாய்.

இன்னொன்றை மறந்துவிட்டாய். அட்டை. நீ உள்ளே இருக்கும்போது தொட்டி வாயில் தொங்க வேண்டியது. கால் மணிக்கு ஒரு தடவை நேரம் எழுதி, குரல் கேட்டது என்று நான் கையெழுத்துப் போட வேண்டியது. அதை நாம் காலையில் கேன்டீனில் உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் நிரப்பிவிடுவோம். நீ நேரம் சொல்வாய், நான் எழுதுவேன். "எல்லாம் கரெக்டா கால் மணியா இருந்தா சந்தேகம் வரும்டா, ஒரு நிமிஷம் முன்னே பின்னே போடு" என்று சொல்லிக்கொடுத்தவன் நீ. அன்றைய அட்டை வெளியே வந்தால், பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் உன் குரல் கேட்டதாக என் கையெழுத்து இருக்கும். அப்போது நீ ஆம்புலன்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் கிடந்தாய். நம் இரண்டு பேரையும் என்ன சொல்வார்கள்? அட்டை தொலைந்ததே நல்லது என்று விடு.

உன் லாக்கரில் சாப்பாட்டு டப்பா இருந்தது. கழுவி வைத்திருக்கிறேன்.

மூட்டை


ஜூன் 25

மூட்டை,

டப்பாவைக் கழுவிவிட்டாயா? சந்தோஷம். வாக்குமூலத்தில் அதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்.

ஆமாம், அட்டையை நிரப்பினோம். நான்தான் நேரம் சொன்னேன். விசாரணையில் கேட்டால் அதைச் சொல்லத்தான் போகிறேன். ஏன் நிரப்பினோம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். நாலு தொட்டிக்கு எட்டு ஆள் வேண்டும். இருந்தது ஐந்து பேர். உண்மையாக எழுதியபோது பாதிக் கட்டம் காலியாக இருந்தது. அன்றைக்கு சூப்பர்வைசர் அறைக்குக் கூப்பிட்டு என்ன சொன்னார்? "அட்டை முழுசா இல்லேன்னா ஆடிட்ல என் தலை உருளும். எப்படி முழுசாக்குவீங்களோ, எனக்குத் தெரியாது." எனக்குத் தெரியாது என்று சொல்லியே எல்லாவற்றையும் செய்யவைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

பயிற்சி நாள் ஞாபகம் இருக்கிறதா? சுவரில் இரண்டு வெள்ளைக்காரர்கள் தோளில் கைபோட்டுச் சிரிக்கிற படம், மேலே ஆங்கிலத்தில் 'பட்டி', buddy. சேஃப்டி ஆபீசர், "இனிமே ஒவ்வொருத்தருக்கும் ஒரு பட்டி" என்றார். நீதான் எழுந்து, "ஆட்டை அடைக்கிற பட்டியா சார்?" என்று கேட்டாய். அறையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "நண்பன்னு அர்த்தம்பா. உயிர் நண்பன்" என்றார். தோள் நுழையாததால் நீ நிற்கிறவன், நுழைவதால் நான் இறங்குகிறவன் என்று எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான் நம் பொருத்தம் பார்த்த லட்சணம்.

டாக்டர் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொன்னதால் அத்தான் பழைய புத்தகங்களைக் காலுக்குக் கீழே கொடுத்திருக்கிறார். அதில் ஒன்று தடித்த ஆங்கில அகராதி. அக்கா மகளை எடுத்துத் தரச் சொன்னேன். "எடுத்தா கட்டில் ஆடும் மாமா." "ஆடட்டும்." அவள் அதை இழுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பலகைத் துண்டைச் செருகினாள். இரண்டு நாளாக அவளை வைத்துக்கொண்டு 'பட்டி' என்ற சொல்லுக்கு இருந்த அரைப் பத்தியை வாசித்தேன்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியாது என்று அகராதியே ஒப்புக்கொள்கிறது. இரண்டு வழி சொல்கிறது. ஒன்று, பேச்சு வராத குழந்தை, சகோதரன் என்ற ஆங்கிலச் சொல்லை வாயில் போட்டுக் குதப்பியதில் பிறந்தது. இன்னொன்று, நிலக்கரிச் சுரங்கத்தில் கூட வேலை செய்கிறவனை அழைத்த சொல். அதை butty என்று, நடுவில் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்களாம். நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அந்தச் சுரங்கச் சொல்லுக்கே அங்கே வேறொரு ஆளும் இருந்திருக்கிறான். முதலாளியிடம் வேலையை மொத்தமாக எடுத்து, ஆட்களைப் பிடித்து உள்ளே இறக்கிவிட்டு, மேலே நின்று தன் பங்கைப் பார்த்துக்கொள்கிறவன். அவனையும் அதே பெயரால்தான் கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லின் வேர், கொள்ளையைப் பங்குபோடுவதில் போய் முடியலாம் என்று ஒரு 'லாம்' போட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆபீசர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. அவருக்குத் தேவையும் இல்லை. வாய்க்குப் பக்கத்தில் ஓர் அபாய மணியும், உள்ளே காற்று விடும் குழாயும் வாங்கிப் போட வேண்டிய இடத்தில் ஒரு சிநேகிதனை நிறுத்தினார்கள். சிநேகிதனுக்குச் செலவில்லை. தவறு நடந்தால் பழி போடவும் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பான்.

கடைசியாக ஒன்று. அட்டை தொலைந்தது என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அட்டையே போடப்படவில்லை என்றுதான் கம்பெனி சொல்கிறது. தொலைந்தது என்று உனக்கு யார் சொன்னார்கள்?

ஒல்லி


ஜூலை 4

ஒல்லி,

அந்த அகராதியை மறுபடி கட்டில் காலுக்கே வை. அங்கேயாவது உபயோகமாக இருக்கும்.

படுத்துக்கொண்டு நீ யோசிக்கிறாய். எனக்கு யோசிக்க நேரம் இல்லை. அட்டையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஏதோ கை தவறி எழுதிவிட்டேன்.

வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்கிறேன். தொட்டி சுத்தம் செய்கிற வேலையைக் கம்பெனி வெளியே குத்தகைக்கு விட்டுவிட்டது. என் பெயரில் விட்டிருக்கிறார்கள். ஆறு ஆள் நான் கொண்டுவர வேண்டும். "ஒல்லியான ஆளாப் பார்த்துக் கொண்டா" என்றார் சூப்பர்வைசர். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் பொதுவாச் சொன்னேம்பா" என்றார்.

நான் எடுக்காவிட்டால் வேறு எவனாவது எடுப்பான். அவன் பெல்ட்டைக்கூட இழுத்துப் பார்க்க மாட்டான். எனக்கு இரண்டு பிள்ளைகள். மாமனார் வேறு வந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு யாரும் கட்டில் காலை உயர்த்தித் தரவில்லை.

வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. கேட்டுக்கு எழுது.

மூட்டை


ஜூலை 9

மூட்டை,

அகராதி காரணம் தெரியாமல் குழம்பிய இடத்தை நீ ஒரே மாதத்தில் தெளிவாக்கிவிட்டாய். முதலில் கூட நின்றவன், அப்புறம் மேலே நின்று ஆள் இறக்குகிறவன். அந்தச் சுரங்கத்திலும் இப்படித்தான் நடந்திருக்கும். ஒருவனும் பிறக்கும்போதே குத்தகைக்காரனாகப் பிறந்திருக்க மாட்டான். ஒரு சூப்பர்வைசர் வந்து "உனக்கும் நல்லது" என்று சொல்லியிருப்பான்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உன் ஆறு பேரில் இறங்குகிறவனிடம், நாலாம் நம்பரில் என்ன நடந்தது என்று சொன்னாயா? அவனுக்கு வாயில் யார் நிற்கிறார்கள்? அவனைக் கேட்டில் கூப்பிட்டால் போக மாட்டேன் என்று சொல்ல அவனால் முடியுமா? உன்னால் முடிந்ததா?

உனக்கு அத்தை மகன், மாமன் மகன் எவனும் கிடைக்காமல் நான் உன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றேன். இப்போது உன் வீட்டுக்குக் கடிதம் போடக் கூடாது.

ஒல்லி


ஜூலை 15

ஒல்லி,

இதை வாசித்ததும் கிழித்துப்போடு. அக்காவுக்குக்கூடக் காட்டாதே.

லாரியில் கயிற்றை இறுக்கிவிட்டு ஓடி வந்தேன். ரெண்டு நிமிஷம் என்றது பதினைந்து நிமிஷம் ஆகிவிட்டது. "இருக்கியா?" என்றேன். சத்தம் இல்லை. விளையாடுகிறாய் என்று நினைத்தேன், நீ அப்படிச் செய்கிறவன்தானே. மறுபடி கூப்பிட்டேன். கயிற்றை இழுத்தேன், வரவில்லை. உள்ளே கலக்கும் துடுப்பில் போய்ச் சிக்கியிருந்தது.

அபாய மணி ஷெட்டுக் கோடியில் இருக்கிறது. நாற்பது எட்டு வைத்துப் போக வேண்டும். பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள், வாயில் நிற்கிறவன் எந்தக் காரணத்துக்கும் உள்ளே போகக் கூடாது, முதலில் மணி. அது எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. உன் மஞ்சள் தொப்பி கீழே தெரிந்தது. தலையை உள்ளே விட்டேன். ஒரு கையை விட்டேன். தோளும் உள்ளே வந்துவிடும் போலத்தான் இருந்தது, ஒல்லி. அந்த நேரத்தில் வந்துவிடும் என்றுதான் தோன்றியது.

மாட்டிக்கொண்டேன். முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. நீ வெளிச்சம் அணைந்தது என்று எழுதினாயே, முதல் கடிதத்தில். அது நான்தான். உனக்கு வந்த கொஞ்சம் காற்றையும் அடைத்துக்கொண்டு நான்தான் தொங்கினேன்.

யாரோ பார்த்துச் சத்தம் போட்டு ஆள் வந்து என் காலைப் பிடித்து இழுத்தார்கள். வரவில்லை. கடைசியில் பக்கத்து ஷெட்டிலிருந்து சோப்புக் கரைசலை வாளியில் கொண்டுவந்து என்மேல் ஊற்றி வழுக்கவைத்து உருவினார்கள். ஏழு நிமிஷம். வேறு நாளாக இருந்தால் இதைச் சொல்லி நீ ஒரு வருஷம் சிரித்திருப்பாய். அதற்கு அப்புறம்தான் முகமூடி போட்ட ஆள் உள்ளே இறங்க முடிந்தது. அந்த ஏழு நிமிஷம் முன்னால் எடுத்திருந்தால் நுரையீரல் இவ்வளவு போயிருக்காது என்று அவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

இது சூப்பர்வைசருக்குத் தெரியும். "நீ அங்க இருந்தேன்னு சொன்னா, வாயை அடைச்சதும் நீதான்னு நான் சொல்ல வேண்டி வரும்" என்றார். கத்தக்கூட இல்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

அட்டை என்னிடம்தான் இருக்கிறது. என்னை உருவிப் போட்டபோது கையில் இருந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை, பிடிமானத்துக்குப் பிடித்திருப்பேன். சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். துணி அலமாரியில் விரித்த காகிதத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். சோப்பு பட்டு மை கலைந்திருக்கிறது. ஆனால் உன் பெயரும் என் பெயரும் நாலாம் நம்பரும் தெரிகிறது.

விட்டுப் போனதைக்கூட நான் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடுவேன். திரும்பி வந்ததைச் சொல்ல என்னால் முடியாது.

மூட்டை


ஜூலை 19

மூட்டை,

கிழிக்கவில்லை. காட்டவும் இல்லை. தலையணைக்கு அடியில் இருக்கிறது.

அப்படியானால் என் கண் போகவில்லை. நாலு மாதமாக அக்கா விளக்கை அணைக்கும்போதெல்லாம் கையால் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். அது உன் தலையா? இந்தக் கடிதத்தை நீ மார்ச்சிலேயே எழுதியிருக்கலாம், தடியா.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. ஆனால் நீ தலையை விட்டதற்கு இல்லை. நீயே சொல். மணியை நாற்பது எட்டு தள்ளி வைத்தது யார்? வாயை ஓர் ஆளின் தோளுக்கு வெட்டாமல் குழாய்க்கு வெட்டியது யார்? வாயில் நின்றவனை லாரிக்குக் கூப்பிட்டது யார்? இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் நீயா? பிறகு எதற்கு எல்லாவற்றுக்கும் கீழே நீ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாய்? ஏழு நிமிஷத்தை உன் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, மற்ற ஆறு வருஷத்தை அவர்கள் துடைத்துக்கொண்டு போகிறார்கள்.

நீ திரும்பி வந்ததைச் சொன்னால் என்ன ஆகும்? நான் தனியாக இறங்கவில்லை என்று ஆகும். வேலை நேரத்தில், வேலைக்காக, அவர்கள் போட்ட ஜோடியோடு இறங்கினேன் என்று ஆகும். உன்னைத் திட்டுவார்கள். குத்தகை போகும். வேலையும் போகலாம். அதை நான் மறைக்கவில்லை. எனக்குப் போவது என்ன என்று உனக்குத் தெரியும். இந்த இரண்டையும் நான் எடை போட மாட்டேன், நீ போட்டுப் பார்.

அகராதிக்காரன் இரண்டு வழியையும் எழுதிவிட்டு, உறுதியில்லை என்று ஒதுங்கிக்கொண்டான். புத்தகத்துக்கு அது போதும். பேச்சு வராத குழந்தை மாதிரி யோசிக்காமல் தலையை உள்ளே விட்டவனும் நீதான். மேலே நின்று ஆள் இறக்குகிறவனும் நீதான். இரண்டு பேராகவும் ஒரே நாற்காலியில் உட்கார முடியாது.

26-ஆம் தேதி காலை பத்தரை. மாடியில் மூன்றாவது அறை. அட்டையோடு வா.

ஒல்லி


ஜூலை 27

மூட்டை,

அத்தானும் ஆட்டோக்காரரும் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். மெஷினை அக்கா மடியில் வைத்துக்கொண்டாள். கம்பெனி வக்கீல் எங்களுக்கு ஃபேனைத் திருப்பிவிட்டார். நல்ல மனிதர். பிறகு, நான் உள்ளே தூங்கப் போயிருக்கலாம் என்று சொன்னார்.

"சாட்சி இருக்கா?" என்று அதிகாரி கேட்டார். "இருக்கு" என்றேன். பியூன் வராந்தாவில் போய் உன் முழுப் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார். உன் முழுப் பெயரை நானே மறந்துபோயிருந்தேன்.

உன் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். அக்கா மகளுக்கு அதில் இருப்பது தெரிந்தால், "ஏன் மாமா கொடுக்கலை?" என்று கேட்பாள். நீ என்னிடம் சொன்னதை நான் அவர்களிடம் சொன்னால், உன்னைக் காட்டிக்கொடுத்தவன் நான் ஆகிவிடுவேன். நீயே வந்து சொன்னால் மட்டும்தான் நீ அங்கே இருந்ததாக அர்த்தம்.

இன்னொரு தேதி கெஞ்சி வாங்கியிருக்கிறோம். செப்டம்பர் 4. மெஷின்காரன் வந்தபோது அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்று, "அதுவரைக்கும் விடுங்க தம்பி" என்றாள். விட்டிருக்கிறான்.

ஒல்லி


ஆகஸ்ட் 14

மூட்டை,

கேன்டீன்காரர் போன் செய்தார். திங்கட்கிழமை நாலாம் நம்பரை மறுபடி திறக்கிறீர்களாம். என்னைவிட ஒல்லியான ஆள் ஒருவன் கிடைத்திருக்கிறானாம். வாயில் நிற்க ஒருவனைப் போட்டிருக்கிறாயாம். இரண்டு பேரும் காலையிலேயே கேன்டீனில் உட்கார்ந்து அட்டையை நிரப்பிப் பழகுகிறார்களாம். "உங்க ரெண்டு பேரையும் பார்க்கிற மாதிரியே இருக்கு தம்பி" என்றார் அவர், சந்தோஷமாக.

அவனை இறக்காதே. இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் மணியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கச் சொல். வைக்க மாட்டேன் என்றால், ஏன் வேண்டும் என்று அவர்களுக்குச் சொல். சொல்வதற்கு உன்னிடம் மட்டும்தான் காரணம் இருக்கிறது. அலமாரியில், காகிதத்துக்கு அடியில்.

எனக்கு இப்போது மூன்று வார்த்தைதான் வருகிறது. எழுதவும் நடுவில் இரண்டு தடவை நிறுத்தினேன்.

வாயில் நிற்கிறவன் கேட்க வேண்டும், உள்ளே இருக்கிறவன் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. ஆறு வருஷம் நீ கேட்டாய், விளையாட்டுக்கு இழுத்தடித்தாலும் ஒரு தடவைகூட நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர. இப்போது நான் கேட்கிறேன். உன் பதில் வராமல் ஏற்கெனவே இரண்டு கடிதம் போட்டாகிவிட்டது. இது மூன்றாவது.

மூட்டை, இருக்கியா?

பதில் சொல்லு.